கம்பளிப்பூச்சிகளும் என் வீட்டுக்காரரும்

என் வீட்டுக்காரர் குவைத்தில் இருந்த இருபத்திரண்டு வருஷமும் லீவுக்கு வந்தது சித்திரை, வைகாசியில்தான். அப்போதுதான் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்காது. நான் ஊர்த் தொடக்கப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர், எனக்கும் அடுப்பு அணைந்திருக்கும் மாதம் அதுதான். அதனால் அவருக்குத் தெரிந்த ஊர் வேறு, எனக்குத் தெரிந்த ஊர் வேறு. அவர் பார்த்ததெல்லாம் வெடித்துக் கிடக்கும் வயல், மணல் தெரியும் ஆறு, மாம்பழம், கல்யாண வீடு. வாய்க்காலில் தண்ணீர் தளும்பிப் போவதையும், நட்ட சம்பா பச்சை பிடிப்பதையும், ஐப்பசி அடைமழையில் துணி காயாமல் வீடெல்லாம் ஈரவாடை அடிப்பதையும் கல்யாணத்துக்குப் பிறகு அவர் கண்டதே இல்லை. சின்னப் பிள்ளையில் பார்த்திருப்பார். பாலைவன வெயில் அதையெல்லாம் காயவைத்து அனுப்பிவிட்டது.

எங்கள் ஊர் திருக்காட்டுப்பள்ளிக்கும் பூதலூருக்கும் நடுவில், மெயின்ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. வீட்டுக் கொல்லையில் ஒரு முருங்கை மரம். அவர் முதல்தடவை விமானம் ஏறிய வருஷம் நான் நட்டது. முருங்கையை விதை போட்டு வளர்க்கிறவர்கள் எங்கள் பக்கம் குறைவு. ஒரு ஆள் உயரத்துக்குக் கிளையைப் போத்தாக வெட்டிவந்து ஊன்றி, வெட்டின மேல்நுனி காய்ந்துபோகாமல் இருக்க ஒரு உருண்டை சாணியை அதன் தலையில் வைப்பார்கள். அப்படித் தலையில் சாணியோடு நின்ற கழிதான் வளர்ந்து, பக்கத்துவீட்டு மதில் தாண்டிக் கிளை விட்டது. என் இரண்டு பிள்ளைகளும் அதன் கீரையிலும் காயிலும்தான் வளர்ந்தார்கள்.

மழைக்காலத்தில் அந்த மரத்துக்கு ஒரு கூட்டம் வரும். கம்பளிப்பூச்சிக் கூட்டம். ஒன்று இரண்டாக வருகிற பழக்கமே அதற்குக் கிடையாது. வந்தால் குடும்பம் குடும்பமாக, சாம்பலும் பழுப்புமாக, உடம்பெல்லாம் மயிரோடு வரும். இரவில் மேலே ஏறி இலையைத் தின்னும். விடிந்ததும் இறங்கி வந்து, அடிமரத்தில் ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு பகல் முழுக்க அசையாமல் கிடக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் மரத்துக்கு யாரோ பழைய கோணியைச் சுற்றிவைத்த மாதிரி இருக்கும். மயிர் மேலே பட்டால் தடிப்புத் தடிப்பாக வீங்கி, இரண்டு நாளைக்குச் சொறிந்துகொண்டே திரிய வேண்டியதுதான்.

அதற்கு ஊரில் ஒரே வைத்தியம், பந்தம். மூங்கில் கழியின் நுனியில் பழைய துணியைச் சுற்றி, கட்டுக்கம்பியால் இறுக்கி, மண்ணெண்ணெயில் நனைத்துக் கொளுத்தி, கூட்டத்தின் மேல் கீழிருந்து மேலாக ஒரு தடவு தடவுவோம். ரேஷனில் மண்ணெண்ணெய் அருகிப்போன பிறகு மோட்டார்க் கொட்டகை டீசல். முதல் வருஷம் பந்தத்தைப் பிடிக்கவே எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் யாரையும் கூப்பிடவில்லை. ஆம்பிளை இல்லாத வீடு என்று எவளும் உச்சுக் கொட்டிவிடக் கூடாது என்பதில் எனக்கு அப்படியொரு வீம்பு. நாலைந்து வருஷத்தில் கை தேறிவிட்டது. பக்கத்துத் தெருவில்கூடப் பூச்சி வந்தால் என்னைத்தான் கூப்பிட்டார்கள். பந்தத்தில் நான் சுற்றியது எப்போதும் அவருடைய பழைய லுங்கியைத்தான். வேறு யாருடைய லுங்கி இருக்கிறது எங்கள் வீட்டில்?

இப்படியிருக்க, போன ஆடி மாதம் அவர் ஒரேயடியாக வந்து சேர்ந்தார். கம்பெனியில் வேலை முடிந்துவிட்டது, இனிமேல் ஊர்தான் என்றார். எனக்குள் பொங்கிய சந்தோஷத்தை நான் வெளியே காட்டவில்லை. வெளியே காட்டிப் பழக்கமில்லை. அன்றைக்கு இரண்டு பொரியல் வைத்தேன், அவ்வளவுதான்.

வந்த மனிதருக்கு முதல் ஒரு மாதம் வீட்டைச் சரிசெய்வதிலேயே போனது. கொல்லைக் கதவுக்கு நான் கயிறு கட்டி வைத்திருந்ததைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத் தாழ்ப்பாள் வைத்தார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைக் கழற்றி எண்ணெய் போட்டார், அது அன்றிலிருந்து கிரீச்சிட ஆரம்பித்தது. என் சமையலறையில் புகுந்து டப்பாக்களை உயர வரிசையில் அடுக்கினார். மறுநாள் மிளகைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் ரசம் கொதித்து வழிந்துவிட்டது. அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் மனிதர் அந்தப் பக்கம் வருவதையே நிறுத்திக்கொண்டார். அதன்பிறகு அவர் செய்ய வேண்டிய வேலை என்று வீட்டில் ஒன்றும் மிச்சம் இல்லை. எல்லாவற்றையும் நான்தான் ஏற்கெனவே செய்து முடித்திருந்தேனே. மகள் சென்னையில் நர்ஸ், மகன் ஓசூரில் வேலை. பெரியவர்கள் இரண்டு பேர் மட்டும் உள்ள வீட்டில் அவர் கூடத்துச் சோபாவில் டிவியை ஓடவிட்டுத் தூங்கினார். உள்ளே வந்து கட்டிலில் படுங்கள் என்றால், இங்கேயே காற்று நன்றாக வருகிறது என்பார்.

புரட்டாசியில் பழைய சூப்பர்வைசரிடமிருந்து போன் வந்தது. புதுசாக ஒரு வேலை எடுத்திருக்கிறார்களாம், இரண்டு வருஷத்துக்கு வரமுடியுமா என்று கேட்டாராம்.

"என்ன சொல்ற?" என்று என்னைக் கேட்டார்.

"உங்க இஷ்டம்" என்றேன்.

போக வேண்டிய தேவை இப்போது இல்லை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் போகக் கூடாது, இந்த வீட்டிலேயே சோபாவிலோ எங்கேயோ கிடக்க வேண்டும் என்று என் மனசு அடித்துக்கொண்டது. ஆனால் வாயில் வரவில்லை. எங்கள் பக்கம் கிளம்புகிறவரிடம் "போகாதே" என்று சொல்ல மாட்டோம். எங்கே என்று கேட்க மாட்டோம், வாசலில் நின்று கண்ணைக் கசக்க மாட்டோம். போகிற காரியம் விளங்காமல் போய்விடும் என்று பயம். திருச்சி ஏர்போர்ட்டுக்கு அவரை வேன் வைத்து அனுப்பிய ஒவ்வொரு தடவையும், இடுப்பில் பிள்ளையோடு நின்ற நாளில்கூட, நான் "போயிட்டு வாங்க" என்று சிரித்த முகமாகத்தான் சொன்னேன். வேன் தெருமுனை திரும்பின பிறகு கொல்லைக்குப் போய்விடுவேன். இந்த விஷயத்தில் ஊரிலேயே என்னைப்போல் திடமானவள் கிடையாது என்று பேர். அந்தப் பேரில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் முதல் மழை பெய்தது. பொழுது சாய்ந்து டியூப்லைட் போட்டதும் பெரிய பெரிய விட்டில்கள் வந்து சுவரில் உட்கார்ந்தன. வைக்கோல் நிறம், உள்ளங்கை அகலம். ஒவ்வொரு வருஷமும் வருகிறவைதான், நான் துடைப்பத்தால் தள்ளிவிடுவேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒன்றைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தார். போனில் படம் எடுத்து என்னத்தையோ தேடினார்.

"இது யாருன்னு தெரியுதா? நம்ம முருங்கைக் கம்பளிப்பூச்சியோட அம்மா" என்றார்.

நான் நம்பவில்லை. அவர் படித்துச் சொன்னார். இது காட்டு அந்துப்பூச்சி இனமாம். மேற்கே மலைக்காடுகளில் இதன் ஒன்றுவிட்ட சொந்தங்கள் நிறைய இருக்கின்றனவாம். புழு மண்ணுக்குள் போய்க் கூடு கட்டிப் படுத்து, அடுத்த மழைக்குத்தான் இப்படி இறக்கையோடு வெளியே வருமாம். வந்தபிறகு எதையும் சாப்பிடாதாம், முட்டை வைத்துவிட்டுச் சில நாளில் போய்ச் சேர்ந்துவிடுமாம். இருபத்திரண்டு வருஷமாக அம்மாவைத் துடைப்பத்தாலும் பிள்ளைகளைப் பந்தத்தாலும் அடித்தவள் நான் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. "சோறு தண்ணி இல்லாம பிள்ளை பெத்துட்டுப் போவுதா, பாவம்" என்று சொல்லிவிட்டு, துடைப்பத்தை மூலையில் வைத்தேன்.

ஐப்பசி பாதியில் கூட்டம் அடிமரத்துக்கு இறங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை நான் பரணிலிருந்து மூங்கில் கழியை இறக்கினேன். அவர் காபி டம்ளரோடு வந்து மரத்துக்குக் குறுக்கே நின்றார்.

"இப்ப எதுக்குக் கொளுத்தற? குடும்பமா இருக்குதுல்ல, விடு."

"குடும்பமா இருந்துக்கிட்டு மரத்தை மொட்டையடிக்குது. உங்களுக்குத் தெரியாது. தள்ளுங்க."

"இலைதானே, தழைஞ்சுட்டுப் போவுது. கொஞ்ச நாள்ல அதுவே மண்ணுக்குள்ள போயிடும். நான் பாத்துக்கறேன், நீ விடு."

நான் பாத்துக்கறேன். அவர் வந்த இந்த நாலு மாதத்தில் எதையும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்ல நான் விட்டதில்லை என்பதுதான் சரி. கழியைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போனேன். போகிறபோது நாலு வார்த்தை திட்டிவிட்டுத்தான் போனேன்.

அன்றிலிருந்து பொழுது சாய்கிற நேரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியும் குடையுமாகக் கொல்லையில் உட்கார்ந்துகொள்வார். இருட்டத் தொடங்கும்போது அந்தக் கோணித்துணி மெல்ல அசையும். ஒன்று தலையைத் தூக்கும். உடனே எல்லாம் தூக்கும். பிறகு ஒன்றன்பின் ஒன்றாக, ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு மேலே ஏறும். முதலில் நான் சமையலறை ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். இரண்டு நாளில் முறத்தையும் கீரையையும் எடுத்துக்கொண்டு நானும் பக்கத்தில் போய் உட்கார ஆரம்பித்தேன். கீரை ஆய எனக்கு வெளிச்சம் வேண்டும் என்று காரணம் வைத்திருந்தேன். அந்த நேரத்தில் கொல்லையில் என்ன வெளிச்சம்!

ஒருநாள் அவராகவே பேச ஆரம்பித்தார்.

"நாங்க கேம்ப்ல இப்படித்தான் கிளம்புவோம். ஒரு ரூம்ல எட்டுப் பேரு. மேல கீழ கட்டிலு. விடியக்காலைல ஒருத்தன் எழுந்து லைட்டைப் போட்டா எட்டுப் பேரும் எழுந்துக்கணும். வரிசையா பஸ்ஸுக்குப் போவோம். வந்தா மறுபடி அந்தக் கட்டிலுதான்."

நான் கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டேன்.

"எட்டுப் பேரா? நீங்க சொன்னதே இல்லையே."

"நீ கேட்டதில்லையே."

உண்மைதான். போனில் நாங்கள் பேசியதெல்லாம் பிள்ளைகள் மார்க், மோட்டார் ரிப்பேர், யார் வீட்டில் விசேஷம், யார் வீட்டில் சாவு. நீங்கள் எங்கே படுக்கிறீர்கள், பக்கத்தில் யார் படுக்கிறார்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. மனதில் ஒரு கட்டிடம் இருந்தது, அதில் அவர் தனியாக ஏசி ரூமில் இருந்தார். அங்கேயே வைத்துவிட்டு நான் என் வேலையைப் பார்த்தேன்.

அதன் பிறகு தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். மேல்கட்டில் ஆந்திராக்காரர் தூக்கத்தில் பாடுவாராம். பக்கத்துக் கட்டில் ஒடிசாக்காரருக்கு அம்மா இறந்த செய்தி வந்தபோது, ஊருக்குப் போக லீவு கிடைக்காததால், மற்ற ஏழு பேரும் அன்றைக்குத் தூங்காமல் அவரோடு உட்கார்ந்திருந்தார்களாம். ஒருத்தரோடு ஒருத்தர் பேசப் பாஷைகூடச் சரியாகத் தெரியாதாம், சும்மா உட்கார்ந்திருந்தார்களாம். கேட்கக் கேட்க எனக்கு ஒன்று புரிந்தது. இத்தனை வருஷம் சுற்றிலும் மூச்சுச் சத்தத்தோடு தூங்கிய மனிதருக்கு, சத்தமில்லாத அறையில் எப்படித் தூக்கம் வரும்? அதற்குத்தான் டிவி. அன்றைக்கு இரவு பாயைக் கூடத்தில் சோபாவுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு நானும் படுத்தேன். "டிவியை நிறுத்துங்க, நான் குறட்டை விடுவேன்" என்றேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் கல்யாண ஆல்பத்தில் பார்த்ததோடு சரி.

கொல்லையில் எங்களுக்குத் தேன்நிலவு நடந்துகொண்டிருந்தபோது மதிலுக்கு அந்தப் பக்கம் வேறு கதை. பக்கத்து வீட்டு அக்கா தையல்காரி. எங்கள் கிளைக்கு நேர் கீழேதான் அவருடைய துணிக்கொடி. ரவிக்கைத் துணியை நனைத்துக் காயப்போட்டு, பிறகு வெட்டித் தைப்பது அவர் வழக்கம். ஒரு மத்தியானம் மதில் மேல் தலை தெரிந்தது.

"ஏன்டி, உன் மரத்துப் பூச்சியால என் பொழைப்பு போவுது. மேலத்தெருப் பொண்ணு நான் தச்ச ரவிக்கையைப் போட்டுக்கிட்டுக் கல்யாணத்துக்குப் போயி, தாலி கட்டற நேரத்துல முதுகைச் சொறிஞ்சுக்கிட்டு நின்னாளாம். வந்து என்னைத் திட்டிட்டுப் போறா. வருஷா வருஷம் கொளுத்துவியே, இந்த வருஷம் கைக்கு என்ன வந்துச்சு?"

"அவங்க வேணாங்கறாங்கக்கா" என்றேன்.

"எவங்க? தம்பியா? உன் வீட்டுல நீ சொல்றதுதானே சட்டம்? எப்பலேருந்து மாறுச்சு?"

துணிக்கொடியை அந்தப் பக்கச் சுவருக்கு மாற்றிக் கட்டித் தருகிறேன் என்று இவர் போய்ச் சமாதானம் சொன்னார். கட்டியும் கொடுத்தார். கொடி தளர்ந்து துணியெல்லாம் சேற்றில் விழுந்தது. நான் போய் மறுபடி இழுத்துக் கட்டினேன்.

கார்த்திகை பிறந்து நாலைந்து நாள் இருக்கும். காலையில் காபி குடித்தபடி அவர் சொன்னார்.

"மெடிக்கலுக்கு வரச் சொல்லியிருக்காங்க. திருச்சிக்குப் போயிட்டு சாயங்காலம் வந்துடறேன்."

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. பிறகு புரிந்தது. சூப்பர்வைசருக்கு அவர் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். விசாவுக்கு உடம்பைச் சோதிக்கப் போகிறார். தினமும் என் பக்கத்தில் உட்கார்ந்து பூச்சி பார்த்துக்கொண்டே இதையும் செய்திருக்கிறார். கேட்டால் "உங்க இஷ்டம்னுதானே சொன்ன" என்பார், எனக்குத் தெரியும்.

"போயிட்டு வாங்க" என்றேன். டம்ளரை வாங்கிக் கழுவினேன்.

பள்ளிக்கூடத்தில் அன்றைக்குப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டேன், முட்டை எண்ணினேன், ரிஜிஸ்டரில் எழுதினேன். எதுவும் மனதில் நிற்கவில்லை. மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தபோது அந்த அக்கா கையில் ஒரு பச்சை ரவிக்கையோடு மதிலருகில் நின்றார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே நான் கழியை எடுத்துவிட்டேன்.

லுங்கியைச் சுற்றினேன். கம்பியை முறுக்கினேன். டீசலில் முக்கிக் கொளுத்தினேன். கூட்டத்தின் கீழ்ப்பக்கத்தில் வைத்து ஒரு இழு இழுத்தேன். மயிர் கருகுகிற நாற்றம் வந்தது. பொலபொலவென்று உதிர்ந்தன. மேலே மிச்சம் இருந்தவை ஓடவில்லை. ஒரே நேரத்தில், ஒரே மாதிரி, தலையைத் தூக்கி வெட்டி வெட்டி அசைத்தன. இதற்கு முன்னாலும் அப்படித்தான் செய்திருக்கும், நான் கவனித்ததில்லை. கீழே விழுந்தவற்றில் உயிரோடு இருந்தவை தப்பித்து வேறெங்கேயாவது போயிருக்கலாம். கொல்லை அவ்வளவு பெரிசு. அவை திரும்ப மரத்தடிக்குத்தான் ஊர்ந்தன, மற்றவை இருந்த இடத்துக்கு.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. பந்தத்தைத் துணி துவைக்கிற வாளியில் முக்கினேன். மதிலுக்கு அந்தப் பக்கம் அந்த அக்கா "பாதியில விட்டுட்டியே" என்றார். நான் போய்த் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தேன். எனக்குப் பூச்சியின் மேல் ஒரு கோபமும் இல்லை. கோபம் அவர் மேல். திருச்சியில் சட்டையைக் கழற்றி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு எக்ஸ்ரேக்கு நின்றுகொண்டிருக்கும் அந்த மனிதர் மேல். அவரிடம் காட்டமுடியாததை அவருடைய கூட்டத்திடம் காட்டிவிட்டேன். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, அழவில்லை.

பொழுது சாய்கிற நேரத்துக்கு பஸ்ஸை விட்டு இறங்கி நனைந்துகொண்டே வந்தார். வழக்கம்போல் நேராகக் கொல்லைக்குப் போனார். கருகிய அடிமரத்தைப் பார்த்தார். வாளியில் கிடந்த கழியைப் பார்த்தார். திரும்பி என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த மெடிக்கல் சீட்டு வைத்த பிளாஸ்டிக் ஃபைலைக் குனிந்து தரையில் வைத்து, உதிர்ந்து கிடந்தவற்றில் அசைகிறவற்றை அதில் தள்ளி, மரத்தில் மேலே இருந்த கூட்டத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டார். ஃபைலில் ஏறாதவற்றைக் கையாலேயே எடுத்தார்.

"கைல எடுக்காதீங்க!" என்று கத்தினேன். அவர் கேட்கவில்லை.

உள்ளே வந்து உட்கார்ந்தபோது இரண்டு உள்ளங்கையும் சிவந்து, விரலிடுக்கெல்லாம் வீங்கியிருந்தன. மகளுக்கு போன் போட்டேன். "தேய்க்காதம்மா. செல்லோடேப்பை ஒட்டி ஒட்டி எடு, மயிர் அதோட வந்துடும். அப்பறம் சோப்பு போட்டுக் கழுவி விடு" என்றாள். சத்துணவு ரிஜிஸ்டருக்கு அட்டை போட வைத்திருந்த டேப்பை எடுத்துவந்து, டியூப்லைட்டுக்கு நேர் கீழே அவரை உட்காரவைத்து, கையை என் மடியில் வைத்துக்கொண்டேன். ஒட்டினேன். உரித்தேன். டேப்பில் பொடிப்பொடியாக மயிர் வந்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

எவ்வளவு வருஷமாயிற்று இந்தக் கையை இப்படி வைத்துப் பார்த்து என்று யோசித்தேன். வலது கட்டைவிரலில் ஒரு நீளத் தழும்பு. எப்போது பட்டது, யார் கட்டுப் போட்டார்கள், ஒன்றும் எனக்குத் தெரியாது.

"கோபமா?" என்று கேட்டேன்.

"இல்ல."

"திட்டுங்களேன்."

"எதுக்குத் திட்டணும்? நீ எல்லாத்தையும் பாத்துக்கற. பூச்சியையும் பாத்துக்கிட்ட." கையை என் மடியிலிருந்து எடுக்காமலே சொன்னார். "இங்க நான் என்னத்துக்குன்னு எனக்கே தெரியல. அங்கன்னா எட்டுல ஒருத்தனாவாவது இருப்பேன். அதான் சரின்னுட்டேன்."

டேப் என் விரலிலேயே ஒட்டிக்கொண்டது. எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தது.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டேனே. உங்க இஷ்டம்னு சொன்ன." அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒவ்வொரு தடவையும் பெட்டி கட்டறப்ப பாப்பேன், இந்தத் தடவையாவது சொல்லுவாளான்னு. நீ ஊறுகாய் பாட்டிலை இன்னொரு கவர்ல போட்டு, ரப்பர் பேண்டு போட்டு, எண்ணெய் கசியாம இருக்கான்னு கவுத்துப் பாப்ப. வேன்ல ஏறி ஏர்போர்ட் வரைக்கும் போனைக் கையிலயே வச்சிருப்பேன். நீ ஒரு நாளும் கூப்பிட்டதில்ல."

இருபத்திரண்டு வருஷம் நான் திடமாக இருந்தேன் என்று ஊரே சொன்னது. யாருக்கு முன்னால் அப்படி நின்றேனோ, அவருக்கு அது எப்படித் தெரிந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவளுக்கு நான் தேவையில்லை என்று தெரிந்திருக்கிறது. ஊறுகாய் கசியாமல் கட்டினேனே, அதையா பார்த்தீர்கள், நான் கொல்லையில் நின்றதைப் பார்க்கவில்லையே என்று கேட்க வாயெடுத்தேன். அவர் எப்படிப் பார்த்திருக்க முடியும்? வேன் திரும்பின பிறகுதானே போவேன்.

"நீங்க போகாதீங்க" என்றேன்.

சொல்லிவிட்டேன். குரல் நான் நினைத்ததைவிட உரக்க வந்துவிட்டது. மதிலுக்கு அந்தப் பக்கம் தையல் மிஷின் சத்தம்கூட நின்றது.

"சரி" என்றார்.

"என்ன சரி?"

"போகல."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். நாளைக்கு போன் பண்ணிச் சொல்லிடறேன்."

அந்தச் 'சரி' அவ்வளவு லேசாக வந்ததுதான் என்னை உடைத்துவிட்டது. அவர் தயங்கியிருந்தால், யோசித்துச் சொல்கிறேன் என்றிருந்தால், நான் தாங்கியிருப்பேன். ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். அவர் போயிராவிட்டால் இந்த வீடு இல்லை, பிள்ளைகள் படிப்பு இப்படி இருந்திருக்காது, அதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். இருந்தாலும் கேட்காமல் இருக்கமுடியவில்லை.

"முதல் தடவையே சொல்லியிருந்தா?"

அவர் என் கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினார். கையில் மயிர் இருக்கிறதென்று நினைவு வந்து, தூக்கிய கையைத் திரும்பவும் என் மடியிலேயே வைத்தார்.

"இப்ப எதுக்கு அது? இன்னும் இந்த விரல்ல குத்துது, பாரு" என்றார்.

நான் டேப்பைக் கிழித்தேன்.